ஆறு செகண்ட் எரியும் விளக்கு: பழைய வேன்களும் ஏர்பேக்கின் கதையும்

(எபிசோடில் பேசியதன் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ராஜா, போர், கல்வெட்டு எதுவும் கிடையாது. ஒரு சின்ன விளக்கோட வரலாறு.

கார் சாவியைத் திருப்பினதும் டேஷ்போர்டுல எல்லா விளக்கும் ஒரு தடவை பளிச்சுன்னு எரியும், கவனிச்சிருப்பீங்க. அதுல சிவப்பா ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் நெஞ்சுக்கு முன்னாடி ஒரு உருண்டை. பந்து வெச்சுக்கிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். அதுதான் ஏர்பேக் விளக்கு. பெரும்பாலான வண்டிகளில் சுமார் 6 செகண்ட் எரிஞ்சு அணைஞ்சுடும். அணைஞ்சா சிஸ்டம் சரியா இருக்கு. அணையாம நின்னா, இல்ல ஓடிக்கிட்டிருக்கும்போது திடீர்னு எரிஞ்சா, மோதுற நேரத்துல அந்தப் பை விரியாமல் போகலாம்னு வண்டி சொல்லுது.

சிக்கல் எங்கன்னா, அந்த விளக்கு எரிஞ்சாலும் வண்டி ஜம்முனு ஓடும். பிக்கப் குறையாது, மைலேஜ் குறையாது, ஏசி ஜில்லுனு வரும். ஆயில் விளக்கு எரிஞ்சா டிரைவர் பதறிப்போய் ஓரங்கட்டுவார். ஏர்பேக் விளக்குக்கு யாரும் ஓரங்கட்டறதில்லை.

2014 ஏப்ரல் 9ஆம் தேதிக்குப் போவோம். அன்னைக்கு டொயோட்டா உலகம் முழுக்க 63.9 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. ஒரே அறிவிப்பில் பல கோளாறுகள். அதில் பெரியது, சுமார் 35 லட்சம் வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் ஸ்பைரல் கேபிள். இந்தியாவில் இதில் மாட்டியது யார்னு நினைக்கிறீங்க? நம்ம இன்னோவா. 2005 பிப்ரவரியிலிருந்து 2008 டிசம்பர் வரைக்கும் தயாரான வண்டிகள், சுமார் 45,000. கல்யாணம், காதுகுத்து, திருப்பதி, ஏர்போர்ட் டிராப்னு அந்தத் தலைமுறையையே சுமந்த வண்டி அது.

ஸ்பைரல் கேபிள்னா என்ன? மெக்கானிக்குகள் கிளாக் ஸ்பிரிங்னும் சொல்வாங்க. யோசிச்சுப் பாருங்க: டிரைவரோட ஏர்பேக் ஸ்டியரிங் நடுவுல இருக்கு. ஸ்டியரிங் சுத்துது. அதுக்குக் கரண்ட் கொண்டுபோற ஒயர் மட்டும் முறுக்கி அறுந்துடக் கூடாது. அதனால ஒரு தட்டையான ரிப்பன் கேபிளை வட்டப் பெட்டிக்குள்ள சுருட்டி வெச்சிருப்பாங்க. வலது பக்கம் திருப்பினா சுருங்கும், இடது பக்கம் திருப்பினா விரியும். எளிமையான, ரொம்ப அழகான தீர்வு. ஆனா ஒவ்வொரு யூ-டர்னுக்கும், ஒவ்வொரு பார்க்கிங்குக்கும் அது சுருண்டு விரியுது. 2014 திரும்ப அழைப்பு சொன்னது இதுதான்: ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப அந்தக் கேபிளின் மின் இணைப்பு சேதமாகலாம், ஆனால் ஏர்பேக் விளக்கு எரியும், டிரைவர் பக்க ஏர்பேக் செயலிழக்கலாம். இதனால் யாருக்கும் காயம் பட்டதாகத் தகவல் இல்லை என்றது கம்பெனி.

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு நேர் ரோட்டுல வர்ற வண்டியை விட, ஊருக்குள்ள பௌர்ணமி கூட்டத்துல ரிவர்ஸ் எடுத்து, திருப்பி, மறுபடி ரிவர்ஸ் எடுக்கிற வண்டியோட ஸ்பைரல் கேபிள்தான் அதிகம் உழைக்குது. இது என் சொந்தக் கணக்கு, ஆனா லாஜிக் சரிதான்.

சரி, இந்தப் பையையே முதல்ல யார் யோசிச்சாங்க?

1952. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்ற இன்ஜினியர் மனைவியையும் சின்ன மகளையும் காரில் கூட்டிக்கொண்டு போகிறார். திடீரென்று ரோட்டில் ஏதோ தடை. பிரேக் அடித்துத் திருப்பியதில் வண்டி பள்ளத்தில் இறங்குகிறது. அந்த நொடியில் அவரும் மனைவியும் செய்த ஒரே காரியம், நடுவில் உட்கார்ந்திருந்த மகள் முன்னால் போய் மோதாதபடி கையை நீட்டித் தடுத்தது. எல்லா அம்மா அப்பாவும் இன்னைக்கும் செய்யறதுதானே? வீடு திரும்பியதும் ஹெட்ரிக்குக்கு ஒரு கேள்வி: நீட்டிய கைக்குப் பதிலாக வண்டியே எதையாவது நீட்டினால் என்ன? அவர் கடற்படையில் டார்பிடோ வேலை பார்த்தவர். அழுத்தக் காற்று தவறுதலாக வெளியேறி, மேலே மூடியிருந்த கேன்வாஸ் துணி ஒரு கணத்தில் உப்பிக் கூரைக்கு எகிறியதை நேரில் பார்த்திருந்தார். அந்த நினைவுதான் காப்புரிமை ஆனது. 1952 ஆகஸ்டில் விண்ணப்பம், 1953 ஆகஸ்டில் ஒப்புதல். கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் என்பவரும் இதே மாதிரி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார்.

ரெண்டு பேருக்கும் பத்துப் பைசா வரவில்லை. ஹெட்ரிக் கார் கம்பெனிகளுக்கு எழுதினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் காப்புரிமை காலாவதியான பிறகுதான் ஏர்பேக் கார்கள் கடைக்கு வந்தன. இதுல கம்பெனிகளை மட்டும் திட்ட முடியாது. அந்த டிசைனில் அழுத்தக் காற்றுதான் பையை நிரப்ப வேண்டும். அந்த வேகம் போதாது. மோதியதிலிருந்து உங்க முகம் ஸ்டியரிங்கைத் தொடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சாகணும். கண் சிமிட்டுறதே 100 மில்லி செகண்டுக்கு மேல. ஏர்பேக்குக்குக் கிடைக்கறது சுமார் 30.

ரெண்டு விஷயம் மாறியது. ஒன்று, காற்றுக்குப் பதில் ரசாயனம். சோடியம் அசைடு என்ற பொருளைப் பற்றவைத்தால் கண நேரத்தில் நைட்ரஜன் வாயுவாகக் கொட்டும். அதாவது ஏர்பேக் என்பது பலூன் இல்லை, மக்களே. கட்டுப்படுத்தப்பட்ட ஒரு வெடி. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். ரெண்டாவது, மோதலை உணரும் சென்சார். 1960களின் கடைசியில் ஆலன் பிரீட் செய்த சென்சாரில் ஒரு குழாய், அதற்குள் ஒரு எஃகுக் குண்டு, அதைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு காந்தம். அவ்வளவுதான். சாதா பிரேக்குக்குக் காந்தம் விடாது. நிஜ மோதலில் குண்டு காந்தத்திடமிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி மறுமுனையில் இருக்கும் மின் இணைப்பைத் தொடும். பிரீட் அதற்கு முன்னால் ராணுவத்துக்கு வெடிகுண்டு ஃபியூஸ் செய்தவர். ஒருத்தர் டார்பிடோ, இன்னொருத்தர் ஃபியூஸ். உயிரைக் காப்பாத்துற கருவி ஒன்று முழுக்க முழுக்க உயிரை எடுக்கிற தொழிலிலிருந்து வந்திருக்கு.

அரசியல் இதைவிட சுவாரசியம். 1971 ஏப்ரல் 27. வெள்ளை மாளிகையில் அதிபர் நிக்சனைப் பார்க்க ஃபோர்டு கம்பெனியின் ஹென்றி ஃபோர்டு இரண்டாமவரும் லீ ஐயக்கோக்காவும் வருகிறார்கள். ஏர்பேக் மாதிரி பாதுகாப்பு விதிகள் தொழிலை நசுக்குகின்றன என்று முறையிடுகிறார்கள். நிக்சன் தன் அறையில் நடந்த எல்லாப் பேச்சையும் டேப்பில் பதிவு செய்து வைத்தவர், வாட்டர்கேட் புகழ். அதனால் இந்தச் சந்திப்பும் டேப்பில் இருக்கிறது! விதி தள்ளிப்போனது. ஜெனரல் மோட்டார்ஸ் 1974 முதல் 1976 வரை சுமார் 10,000 கார்களில் ஏர்பேக் வைத்து விற்றுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டது. 1977இல் ஒரு அரசு விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. 1981இல் ரீகன் அரசு ரத்து செய்தது. 1983இல் உச்ச நீதிமன்றம், சரியான காரணம் சொல்லாமல் ரத்து செய்தது செல்லாது என்றது. கடைசியில் 1991இல்தான் சட்டம் வந்தது. 1998 மாடல் கார்களில் இருந்து முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயம்.

அதற்கு முந்தின வருஷம், 1990 மார்ச்சில், வர்ஜீனியாவில் ஒரு ரோட்டில் இரண்டு கிரைஸ்லர் லிபேரன் கார்கள் நேருக்கு நேர் மோதின. தற்செயலாக இரண்டிலும் டிரைவர் ஏர்பேக் இருந்தது. இரண்டு டிரைவர்களும் பிழைத்தார்கள். ஏர்பேக் உள்ள இரண்டு கார்கள் ஒன்றோடொன்று மோதியதாகப் பதிவான முதல் விபத்து அது. டெஸ்ட் லேப் ரிப்போர்ட் ஆயிரம் பக்கம் எழுதி செய்ய முடியாததை அந்த ரெண்டு நசுங்கின கார்களோட படம் செஞ்சது.

இதில் அந்த விளக்கு எங்கே வந்தது? அமெரிக்காவின் 208ஆம் எண் பாதுகாப்பு விதி, ஏர்பேக் தயாராக இருக்கிறதா என்று டிரைவருக்குக் காட்டும் ஒரு விளக்கு இருக்க வேண்டும் என்றது. ஒரு இன்ஜினியரா எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச வரி இதுதான். ஏன்னா ஏர்பேக்கை நீங்க டெஸ்ட் பண்ணிப் பார்க்க முடியாது. பிரேக்கை மிதிச்சுப் பார்க்கலாம், ஹார்னை அடிச்சுப் பார்க்கலாம். ஏர்பேக்குக்கு ஒரே ஒரு ரன், அதுவும் நேரா புரொடக்ஷன்ல. அதனால வண்டி ஓடுற நேரம் பூரா ஒரு சின்னக் கம்ப்யூட்டர் அந்தச் சர்க்யூட்ல பையை வெடிக்கவைக்க முடியாத அளவு துளியூண்டு கரண்ட்டை அனுப்பி, பற்றவைக்கும் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் சரியா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கு. அது பொதுவா 2 ஓம் பக்கம். அறுந்தா தெரியும், ஷார்ட் ஆனா தெரியும். நம்ம சர்வருக்கு ஹெல்த் செக் போடறோம் இல்லையா, அதேதான். பழைய டொயோட்டாக்களில் கோளாறு எண்ணை விளக்கே கண் சிமிட்டிச் சொல்லும்: ஒரு தடவை, கொஞ்சம் இடைவெளி, நாலு தடவை. அப்படின்னா 14. டிரைவர் ஏர்பேக் சர்க்யூட் அறுந்திருக்கு. ஸ்பைரல் கேபிள் போனா வழக்கமா வர்ற எண் இது.

இப்ப திருவண்ணாமலைக்கு வருவோம்.

எங்க மாமா ஊர்ல வாடகை வண்டி ஓட்டறவர். அவர்கிட்ட ஒரு பழைய ஏழு சீட்டர் இருக்கு, மூணு கை மாறி வந்தது. கம்பெனி பேர் வேண்டாம், இந்தக் கதைக்கு அது முக்கியமில்லை. போன கார்த்திகைக்கு முன்னாடி அதுல ஏர்பேக் விளக்கு அணையாம நின்னுச்சு, கூடவே ஹார்னும் விட்டு விட்டு அடிச்சுது. ஹார்ன் ஒயரும் அதே ஸ்பைரல் கேபிள் வழியாத்தான் போகும், அதனால எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். ஃபோன்ல சொன்னேன். மாமா சிரிச்சார். “டேய், அந்த லைட்டு போனதுக்கா போன் பண்ண? நான் நேத்தே சரி பண்ணிட்டேன்டா” என்றார்.

ஊருக்குப் போனப்ப பார்த்தேன். விளக்கு ஆறு செகண்ட் எரிஞ்சு அழகா அணைஞ்சுது. ஹார்ன் மட்டும் இன்னும் விட்டு விட்டுத்தான் அடிச்சுது. மெக்கானிக் அண்ணாகிட்டயே கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. “ரெசிஸ்டர் வெச்சிருக்கேன் தம்பி. கேபிள் ஒரிஜினல் வாங்கினா ஆயிரக்கணக்குல ஆகும், மாமா வேணாம்னுட்டாரு. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க” என்றார். அதாவது ஏர்பேக் கனெக்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்துல ரெண்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்று. விலை அஞ்சு ரூபாய் இருக்கும். கம்ப்யூட்டர் கரண்ட் அனுப்பிப் பார்க்குது, ரெண்டு ஓம் பதில் வருது, எல்லாம் நலம்னு விளக்கை அணைக்குது. கோட் எழுதறவங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்றேன்: மாக். டெஸ்ட் பாஸ் ஆகணும்கறதுக்காக நிஜ சர்வீஸைத் தூக்கிட்டு மாக் வெச்சு, அதை அப்படியே லைவ்ல விட்டாச்சு.

இதுக்கு இன்னும் ரெண்டு வகை இருக்கு. விளக்கோட பல்பையே கழற்றறது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் கலைநயம்: ஏர்பேக் விளக்கோட ஒயரை ஆயில் விளக்கோட ஒயர்ல கோத்துடறது. சாவி போட்டா ரெண்டும் எரியும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனா ரெண்டும் அணையும்.

நான் அந்த மெக்கானிக்கைத் திட்ட வரலை. மாமாவையும்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வண்டி ரோட்டுல இருந்தாத்தான் வருமானம். விளக்கு எரிஞ்சா சவாரிக்கு வர்றவங்க கேள்வி கேட்பாங்க. அணைஞ்சா கேட்க மாட்டாங்க. ஏர்பேக் இல்லாத வண்டிகளை நாற்பது வருஷம் ஓட்டின ஊருக்கு, ஏர்பேக் போன வண்டி பழைய நிலைமைக்குத் திரும்பின வண்டி மட்டும்தான். இந்த நினைப்பு எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, அதுதான் இந்தக் கதையோட இந்தியப் பகுதி.

1984இல் மாருதி ஆம்னி வந்தது. நம்ம ஊருக்கு வேன்னா அதுதான். முன்னாடி மூக்கே கிடையாது. டிரைவரோட முட்டிக்கும் எதிர்ல வர்ற லாரிக்கும் நடுவுல ஒரு தகரம். 35 வருஷம் அப்படியே விற்றது, 2019இல்தான் நின்றது. 2000இல் குவாலிஸ் வந்தது, 2005இல் அதன் இடத்தில் இன்னோவா. அந்தக் காலத்தில் ஏர்பேக் என்பது அலாய் வீல், லெதர் சீட் மாதிரி விலை கூடின மாடல்களுக்கான ஒரு வசதி. ஷோரூம்ல மியூசிக் சிஸ்டம் பத்திக் கேட்டவங்க அதிகம்.

2014 ஜனவரி கடைசியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்தும் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துக்கும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ஜியம். ஃபோக்ஸ்வேகன் உடனே ஏர்பேக் இல்லாத போலோவை நிறுத்தியது. இரண்டு ஏர்பேக்கோடு அதே காரை மோதியபோது நான்கு நட்சத்திரம். அதே கார்! இந்த ஒரு ஒப்பீடுதான் நம்ம நாட்டு விவாதத்தைத் திருப்பியதுன்னு நான் நினைக்கிறேன்.

அப்புறமும் சட்டம் வர அஞ்சு வருஷம். 2019 ஜூலை 1 முதல் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். பக்கத்து சீட்டுக்குப் புதிய மாடல்களில் 2021 ஏப்ரல் முதல். ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த ஆகஸ்ட் என்று சொல்லி, டிசம்பர் கடைசிவரை தள்ளினார்கள். அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இருபது வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்த இருபது வருஷத்துல செஞ்ச வண்டிங்கதான் இப்ப செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல சுத்துது.

2022இல் ஆறு ஏர்பேக் கட்டாயமாக்க வரைவு வந்தது. அந்த செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது நாடே ரெண்டு வாரம் பின் சீட் பெல்ட் பத்திப் பேசியது. சின்னக் கார்களின் விலை ஏறும் என்று மாருதி சேர்மன் ஆர்.சி. பார்கவா போன்றவர்கள் எதிர்த்தார்கள். விதி 2023 அக்டோபருக்குத் தள்ளிப்போய், கட்டாயமாக்கப்போவதில்லை என்று அமைச்சர் கட்கரி சொன்னதோடு முடிந்தது. நிக்சன் டேப் ஞாபகம் வருதா? ஆனா மார்க்கெட் வேற வழியில போச்சு. ஸ்டார் ரேட்டிங் பார்த்து வாங்கற ஆட்கள் வந்துட்டாங்க. 2025இல் ஆம்னியோட வாரிசான ஈகோவுக்கே ஆறு ஏர்பேக் வந்துவிட்டது.

புது வண்டி வாங்கறவருக்கு இது நல்ல முடிவு. மாமா வண்டிக்கு?

இங்கதான் திரும்ப அழைக்கும் சட்டத்தைப் பார்க்கணும். 2014இல் இன்னோவாவைத் திரும்ப அழைத்தபோது இந்தியாவில் அதற்குச் சட்டமே கிடையாது. வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் 2012இல் கொண்டுவந்த ஒரு தன்னார்வ நெறிமுறை மட்டும் இருந்தது. கம்பெனி மனசு வெச்சா அழைக்கும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அரசே உத்தரவிடலாம், 2021 ஏப்ரல் முதல் அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்த விதி ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். ஸ்பைரல் கேபிள் தேய்ஞ்சு போறதே பெரும்பாலும் ஏழு வருஷத்துக்கு அப்புறம்! சட்டம் விடற இடத்துலதான் கோளாறு தொடங்குது.

வயசான ஏர்பேக்குன்னா சும்மா விரியாம போறது மட்டும் ஆபத்து இல்லை. முன்னாடி வெடின்னு சொன்னேன் இல்லையா, அது இப்ப. டகாடா என்ற ஜப்பான் கம்பெனி அம்மோனியம் நைட்ரேட்டுக்கு மாறியது. வருஷக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அந்த ரசாயனம் சிதைந்து, விரிய வேண்டிய நேரத்தில் அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளைப் பயணிகள் மேல் எறிந்தது. 2008இல் ஹோண்டாவின் சில ஆயிரம் கார்களோடு தொடங்கிய திரும்ப அழைப்பு அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் வரை போனது. 2017 ஜூனில் டகாடா திவால். இந்தியாவிலும் ஹோண்டா 2015இல் ஒரே தடவையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. வெப்பம், ஈரம், வயசு: நம்ம ஊர்ல பழைய வண்டி வெச்சிருக்கிற எல்லார்கிட்டயும் மூணுமே இருக்கு.

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன். ஏர்பேக் வேலை செஞ்சாலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 1990க்கும் 2008க்கும் இடையில் மெதுவான மோதல்களில் முன்பக்க ஏர்பேக் விரிந்த வேகத்தாலேயே 290க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கு. நிறைய பேர் குழந்தைகள், பெல்ட் போடாதவர்கள், ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்தவர்கள். அந்தச் சிஸ்டத்தோட பேரே துணைப் பாதுகாப்புன்னுதான் அர்த்தம். சீட் பெல்ட்டுக்குத் துணை. இப்ப கிரிவலம் முடிச்சுட்டு நடுராத்திரி கிளம்பற வண்டியை நினைச்சுப் பாருங்க. 14 கிலோமீட்டர் வெறுங்காலோட நடந்த களைப்பு. ஏழு சீட்டர்ல பத்து பேர். முன் சீட்ல யாரோ மடியில தூங்கற குழந்தை. டிரைவரும் அதே ராத்திரி முழிச்சவர்தான். செங்கம் ரோட்டில் 2023 அக்டோபர் ஒரே மாதத்தில் இரண்டு விபத்துகள், ஒவ்வொன்றிலும் ஏழு உயிர். ஒன்று லாரி, ஒன்று அரசு பஸ். இந்த ரோட்டுல நேருக்கு நேர் மோதல் புள்ளிவிவரம் இல்ல, ஊருக்குத் தெரிஞ்ச செய்தி.

முன்னாடி மாட்டற அந்த இரும்புக் கம்பி, புல் பார், அதையும் சேர்த்துக்கோங்க. பம்பர் நசுங்கற விதத்தை அது மாத்திடுது, சென்சார் கணக்கும் தப்பலாம். 2017 டிசம்பரில் மத்திய அரசு அதை அகற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. கோயில் பக்கம் பார்க்கிங்ல ஒரு தடவை எண்ணிப் பாருங்க எத்தனைல இருக்குன்னு.

மாமாகிட்ட நான் வாதாடலை. கேபிள் காசை நான் தர்றேன், பௌர்ணமி இல்லாத வாரத்துல மாத்திடலாம்னேன். “உன் காசு எதுக்குடா” என்று ஒரு நாள் பூரா முறைச்சார். அப்புறம், “அந்த ரெசிஸ்டர் இருந்தா முன்னாடி உக்கார்ந்தவங்களுக்குப் பை வராதா, இல்ல எனக்கு மட்டுமா?” என்று கேட்டார். டிரைவர் பக்கம்தான், உங்களுக்குத்தான் மாமா, என்றேன். அத்தை உள்ளே இருந்து அதைக் கேட்டாங்க. அதுக்கப்புறம் நான் பேச வேண்டிய அவசியமே வரலை. கேபிள் மாத்தியாச்சு, ஹார்னும் இப்ப ஒழுங்கா அடிக்குது.

நீங்க பழைய ஏழு சீட்டர் வாங்கப்போறீங்கன்னா, இல்ல வாடகைக்கு எடுத்து ஊருக்குப் போறீங்கன்னா, சாவியைப் போட்டுட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம அந்தச் சிவப்பு ஆளைப் பாருங்க. வரவே இல்லைன்னா பல்பைக் கழற்றியிருக்காங்க. வந்து அணையலைன்னா கோளாறு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகுற அதே நொடியில ஆயில் விளக்கோட சேர்ந்து அணைஞ்சா, யாரோ ஒயரைக் கோத்திருக்காங்க. ஒழுங்கான விளக்கு இன்ஜினுக்குக் காத்திருக்காது, தன் கணக்குப்படி தானே அணையும். ரெசிஸ்டர் வெச்சிருந்தா மட்டும் கண்ணால கண்டுபிடிக்க முடியாது, ஸ்டியரிங் கவரைத் திறந்து பார்க்கணும். அதை நீங்களே திறக்காதீங்க. பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, குறைஞ்சது 90 செகண்ட் காத்திருந்து, அப்புறம்தான் கை வைக்கணும், அதுவும் தெரிஞ்சவங்க. ஆன்லைன்ல 500 ரூபாய்க்குக் கிடைக்கிற புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும் படிக்கும், ஏர்பேக் கோடு காட்டாது. கோடு எதுவும் இல்லைன்னு அது சொன்னா நம்பிடாதீங்க.

வண்டியோட சேஸிஸ் எண்ணை வெச்சு, திரும்ப அழைப்பு ஏதாவது பாக்கி இருக்கான்னு கம்பெனி சைட்லயோ சர்வீஸ் சென்டர்லயோ கேட்கலாம். அந்த 2005லிருந்து 2008 வரைக்குமான இன்னோவா உங்க வீட்ல இருந்தா இன்னைக்கே கேளுங்க. மூணு கை மாறின வண்டிக்கு 2014இல் போன கடிதம் முதல் ஓனர் வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

அடுத்த வாரம் வேற கதை. உங்க ஊர் மெக்கானிக் சொன்ன இந்த மாதிரி ஜுகாடு இருந்தா எழுதி அனுப்புங்க.